ஒரே ஷீட்டில் எல்லோரும்: எங்கள் கமக்காரர் அமைப்பின் அனுபவம்

எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் பதிவுகளை, பலர் இணையத்தில் சேர்ந்து எழுதக்கூடிய அட்டவணையான கூகுள் ஷீட்டுக்கு மாற்றிப் பல போகங்கள் ஓடிவிட்டன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கிற வட்டைகள் (வயல்வெளிகள்) எங்களுடையவை. யாருக்கு எத்தனை ஏக்கர், உறுதி உள்ள சொந்தக் காணியா அரசாங்கம் பேர்மிட்டில் கொடுத்ததா, உர மானியப் பட்டியலில் பெயர் போய்விட்டதா, வெட்டு மெஷின் எந்த நாள் வரும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. முன்பு செயலாளரிடம் ஒரு எக்செல் கோப்பு, பொருளாளரிடம் இன்னொன்று, வயலுக்குத் தண்ணீர் விடுவதைக் கவனிக்கும் வட்டவிதானையின் கொப்பியில் வேறொன்று. மூன்றும் ஒத்துப்போன நாள் குறைவு.

கூகுள் ஷீட் 2006இல் வந்தது. இன்று ஒரே கோப்பை 100 பேர் வரை ஒரே நேரத்தில் திருத்தலாம். எங்களுக்கு ஐந்தாறு பேர் போதும். பெரும்போக (மாரிகால வேளாண்மை) ஆரம்பக் கூட்டம் முடிந்து விதைப்புத் திகதி தெரிந்த கையோடு, வட்டைக்கு ஒருவராக உட்கார்ந்து விபரம் ஏற்றுவார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் இதை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதுவல்ல. யார் எதை மாற்றினார் என்பது மறையாமல் இருப்பதுதான்.

ஒருமுறை பெரியவர் ஒருவர் வந்து, "ஆரு மனே என்ட நாலு ஏக்கரை மூண்டாக்கின?" என்று கேட்டார். லேப்டாப்பில் அந்தக் கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' எடுத்தோம். எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, 4 என்பது 3 ஆனது என்று அப்படியே காட்டியது. மாற்றிய பிள்ளையை அழைத்துக் கேட்டால், பெரியவர் மகளுக்கு எழுதிக் கொடுத்த ஒரு ஏக்கர், மகளின் பெயரில் தனி வரிசையாகக் கீழே இருக்கிறது. அவர் அந்த வரிசையைத் தானே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். கொப்பியில் வெட்டி எழுதிய இலக்கமாக இருந்திருந்தால் அது வீடுவரை போகிற பிரச்சினை.

ஆனால் அந்த வசதி எல்லாவற்றையும் காட்டாது. வரிசையையே அழித்தால், சூத்திரத்தில் கை வைத்தால், அது அதில் வராது. அதற்கு 'வெர்ஷன் ஹிஸ்டரி'க்குள் போய்ப் பழைய நிலையைத் திறந்து பார்க்க வேண்டும். அதுதான் எங்களை ஒருமுறை காப்பாற்றியது. பெயர்களை அகர வரிசைப்படுத்த நினைத்த ஒருவர் பெயர் நிரலை மட்டும் தெரிவு செய்து 'சோர்ட் ரேஞ்ச்' கொடுத்துவிட்டார். பெயர்கள் நகர்ந்தன, ஏக்கரும் அடையாள அட்டை இலக்கமும் நின்ற இடத்திலேயே நின்றன. பார்வைக்கு ஒரு பிழையும் தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம். நல்லகாலம், அன்றைக்கே ஒருவர் தன் வரிசையில் அடுத்தவர் இலக்கம் இருப்பதைக் கண்டுவிட்டார்.

அதனால் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது கூட்டல் சூத்திரம் அல்ல, 'ஃபில்டர் வியூ'. சாதாரண ஃபில்டர் போட்டால் எல்லோருடைய திரையிலும் வரிசைகள் மறையும். வேலை செய்துகொண்டிருப்பவர் தன் பதிவு அழிந்ததாக நினைத்து மறுபடி எழுதுவார், இரட்டைப் பதிவு வரும். ஃபில்டர் வியூவில் வடிகட்டினாலும் வரிசைப்படுத்தினாலும் அவரவர் பார்வை அவரவருக்கு. அப்புறம், போன் இலக்க நிரலை முதலிலேயே 'பிளெயின் டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 077 என்பதில் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். வட்டையின் பெயரை டிராப்டவுனில் வையுங்கள், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதினால் கூட்டுத்தொகை பிழைக்கும்.

வயலுக்குள் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. போனில் கோப்பை ஆஃப்லைனுக்கு எடுத்து வைத்தால் எழுதலாம், இணைப்பு வந்ததும் தானே ஏறும். ஒரே கட்டத்தை இருவர் மாற்றியிருந்தால் கடைசியாக ஏறியதுதான் நிற்கும். அது எவரையும் கேட்காது. ஆகவே ஒருவர் வட்டையில் மற்றவர் எழுதுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். மற்றவர் திருத்த முடியாதபடி 'புரொடெக்ட் ரேஞ்ச்' என்ற பூட்டைப் போட்டும் வைத்திருக்கிறோம்.

அந்தப் பூட்டை நம்பி இரகசியம் எதையும் வைக்க வேண்டாம். திருத்த விடாதே தவிர, பார்க்கவும் பிரதி எடுக்கவும் தடையில்லை. வங்கிக் கணக்கு இலக்கங்களை வேறு கோப்பில் வைத்து, பொருளாளருக்கும் செயலாளருக்கும் மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறோம். 'லிங்க் உள்ள எவரும்' என்ற தெரிவை எங்கள் கோப்புகளில் போடவே விடுவதில்லை. வாட்ஸ்அப் குழுவுக்குள் விழுந்த லிங்க் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. உள்ளே இருப்பது ஊர்ச்சனத்தின் அடையாள அட்டை இலக்கம்.

தொடங்கப்போகும் அமைப்புகளுக்கு ஒன்று: கோப்பைத் தனி ஆளின் கணக்கில் உருவாக்காதீர்கள். உரிமையாளரின் கணக்கு அழிந்தால் கோப்பும் போய்விடும். 2 வருடம் தொடப்படாத கணக்குகளைக் கூகுள் நீக்கவும் கூடும். நாங்கள் அமைப்பின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் திறந்து, நிர்வாகம் மாறும் பொதுக்கூட்டத்தில் காசுப் புத்தகத்தோடு அதன் கடவுச்சொல்லையும் கையளிக்கிறோம். புதியவர் அன்றைக்கே அதை மாற்றிவிடுவார்.