கிடப்பில் போட்ட டிராக்டர்: கட்டி இழுப்பதா, ஊறவைத்துத் திருப்புவதா, ஹெட்டைக் கழற்றுவதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக் கொட்டகைகளிலும் புளியமரத்தடியிலும் வருஷக்கணக்கில் நிற்கும் மாஸி 1035, மகிந்திரா 575, ஸ்வராஜ் 735 வண்டிகள் நிறைய. ஆடி உழவு நெருங்கும்போது அவற்றை எழுப்ப மூன்று வழி சொல்வார்கள்: இன்னொரு டிராக்டரில் சங்கிலி போட்டு இழுப்பது, சிலிண்டரில் எண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் கையால் திருப்புவது, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை நேராகக் கழற்றுவது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை வண்டியின் வயது சொல்லாது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிவிட்டு, எஞ்சின் முன்பக்கக் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டால் எஞ்சின் சுற்றுகிறதா என்பதுதான் சொல்லும்.

இழுப்பதற்குச் செலவில்லை, பேட்டரி வேண்டாம். இரண்டு மாதம் நின்று பேட்டரி மட்டும் இறங்கிப்போன வண்டிக்கு அது போதும். வருஷக்கணக்கில் நின்ற வண்டிக்கு அதைவிடக் கெட்ட வழி இல்லை. சைலன்சர் வாயை டப்பா கவிழ்த்து மூடாமல் விட்டிருந்தால், மழைத் தண்ணீர் உள்ளே போய், திறந்து நின்ற எக்ஸாஸ்ட் வால்வு வழியே ஒரு சிலிண்டரில் தேங்கியிருக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கியரில் போட்டு இழுக்கும்போது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் இல்லாமல் துரு மட்டும் இருந்தாலும் பிஸ்டன் ரிங் உடையும், சிலிண்டரின் உள்சுவரான லைனரில் கோடு விழும். வால்வு அது ஓடும் குழலான கைடில் சிக்கியிருந்தால், அதைத் தள்ளும் புஷ்ராடு வளையும். பின் டயர் சுற்றாமல் மண்ணில் தேய்ந்துகொண்டு வந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் வேகமாக இழுக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்கவே கூடாது.

ஊறவைப்பதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே சரியான வழி. நாசில் ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 50 மில்லி ஊற்ற வேண்டும். பவர் ஸ்டீயரிங் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தது நன்றாக ஊடுருவும். கிடைக்காவிட்டால் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்தது, சற்று மெதுவாக வேலை செய்யும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பீடி சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது. மூன்று நாள் விட்டு, ஸ்பேனரால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். அரை அங்குலம் அசைந்தாலே பாதி வேலை முடிந்தது. அசையவில்லை என்றால் மறுபடி ஊற்றி இன்னொரு வாரம் விடலாம். ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டித் தொங்கினால் கிராங்க் போல்ட் முறியும்.

சுற்ற ஆரம்பித்ததும் நாசில்களை மாட்டாமலேயே பல சுற்று சுற்றி, மிஞ்சிய எண்ணெயை வெளியே தள்ள வேண்டும். ஓட்டைக்கு நேரே முகத்தை வைக்கக்கூடாது. கீழே இறங்கிய கலவை ஆயிலோடு சேர்ந்திருக்கும் என்பதால், பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டும். வடியும் ஆயில் பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டேங்கை முழுவதும் காலிசெய்து அடி வண்டலைக் கழுவி, இரண்டு டீசல் ஃபில்டரும் புதிதாகப் போட வேண்டும். பிறகு ஃபீடு பம்பின் கை லீவரை அடித்து, முதலில் ஃபில்டர் ஸ்க்ரூவிலும் அடுத்து டீசல் பம்ப் ஸ்க்ரூவிலும் நுரையில்லாத டீசல் வரும்வரை உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். நாசில்களைத் திரும்ப மாட்டும்போது அடியில் புதிய காப்பர் வாஷர் போட வேண்டும். டீசலை நிறுத்தும் ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் ஏறிய பிறகுதான் டீசலை விட வேண்டும்.

டீசல் பம்பைப் பொறுத்தும் ஆபத்து மாறும். ரோட்டரி பம்பில் டீசலை அளந்துவிடும் மீட்டரிங் வால்வு பிசினாகி ஒட்டினால் பெரும்பாலும் வண்டி கிளம்பாது, அல்லது ஒரே வேகத்தில் நிற்கும். இன்லைன் பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் முழு டீசலில் சிக்கியிருந்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறும், ஸ்டாப்பரும் கேட்காது. ஆகவே முதல் ஸ்டார்ட்டில் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி, இன்டேக் வாயை அடைக்கத் தடித்த பலகையோடு ஒருவர் நிற்க வேண்டும். வெறுங்கையால் அடைக்கக் கூடாது. பெட்ரோல் துணியைக் காட்டிக் கிளப்புவதும் வேண்டாம், துரு ஏறிய ரிங்குகள் அந்த அடியைத் தாங்காது.

இரண்டு வாரம் ஊறியும் அசையாதது, ஆயில் பாலாக வந்தது, நாசில் ஓட்டை வழியே துருத் தண்ணீர் வந்தது: இவற்றுக்கு ஹெட்டைத் திறப்பதே மிச்சம். செலவு கூடும், ஆனால் லைனரைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம். மேல்துரு மட்டும் என்றால் தேய்த்து, ரிங், ஹெட் கேஸ்கெட், லைனர் ஓ-ரிங் மாற்றினால் ஓடும். குழி விழுந்திருந்தால் லைனர், பிஸ்டன் செட்டே மாற்ற வேண்டும். வால்வு சீட் வேலைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி லேத் பட்டறைகள் பக்கத்திலேயே இருப்பது நம் வசதி.

ஊறவைத்தோ ஹெட்டைக் கழற்றியோ கிளப்பும்போது, முதல்முறை நியூட்ரலில் மட்டும். நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கும், பெடலை மிதித்தாலும் விடாது. எஞ்சின் நன்றாகச் சூடானதும் நிறுத்தி, பெடலை அமுக்கிக் கட்டையால் முட்டுக்கொடுத்து ஓரிரவு விட்டால் பல வண்டிகளில் தானாக விடும். ரேடியேட்டருக்கு நம் பக்கத்து உப்பு போர் தண்ணீரை ஊற்றாமல், கூலண்ட் கலவை ஊற்ற வேண்டும். முதல் அரை மணி நேரம் ஏர் கலப்பை பூட்டாமல் ஓடவிட்டு, ஆயில் பிரஷரும் சூட்டு முள்ளும் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐம்பது மணி நேரம் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்ற வேண்டும். துருத் தூள் அதில்தான் சேர்ந்திருக்கும்.