கேரவன் கேபிளுக்கு ரீலா, பையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து, காருக்குப் பின்னால் மாட்டும் வீட்டு வண்டியான கேரவனை இழுத்துக்கொண்டு டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்துக்கோ க்ரூகர் பூங்காவின் முகாம்களுக்கோ செல்லும் எங்கள் குடும்பத்துக்கு, முகாமின் மின்பெட்டியிலிருந்து கேரவனுக்கு மின்சாரம் கொண்டுவரும் 25 மீட்டர் கேபிளைப் போலத் தொல்லை கொடுத்த சாமான் வேறொன்றும் இல்லை. பெட்டி சில இடங்களில் எட்டடி தூரத்திலும் சில இடங்களில் இரண்டு மரங்களுக்கு அப்பாலும் இருக்கும் என்பதால் நீளத்தைக் குறைக்கவும் முடியாது. அதைச் சுருட்டி வைப்பதற்காக நான் வாங்கிய இரண்டு பொருள்களைப் பற்றி, இரண்டையும் போதுமான அளவு பயன்படுத்திய பிறகே எழுதுகிறேன்.

முதலாவது, கைப்பிடியைச் சுற்றினால் கேபிள் தானாக ஏறிக்கொள்ளும் பிளாஸ்டிக் ரீல். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, பி.வி.சி உறை, நடுவில் கேரவன் முகாம்களுக்கே உரிய நீல நிற 16 ஆம்பியர் சாக்கெட். பார்க்க அழகாகவும், கேரவனின் முன்பெட்டிக்குள் அளவெடுத்ததுபோல் அடங்குவதாகவும் இருந்ததால் கடையிலேயே மயங்கிவிட்டேன். அதன் முகத்தில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருந்தன: கேபிளை முழுவதும் அவிழ்த்தால் இத்தனை வாட், சுற்றியபடியே பயன்படுத்தினால் 1000 வாட் மட்டும். அந்த இரண்டாவது எண்ணை நான் படிக்காமல் விட்டதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

இங்கே குளிர்காலமான ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் மலையடிவாரத்தில் தங்கியிருந்தபோது, விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி. மின்பெட்டி அருகிலேயே இருந்ததால் ஏழெட்டு மீட்டரை மட்டும் இழுத்துவிட்டு மீதியை ரீலிலேயே விட்டிருந்தேன். 1500 வாட் ஹீட்டரும் 700 வாட் ரைஸ் குக்கரும் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்க, சோறு பாதி வெந்த நிலையில் மின்சாரம் நின்றது. வெளியே போய்ப் பார்த்தால், சூடு மிகுந்தால் தானாக அணைக்கும் சிவப்புப் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மேல் சுற்றைத் தொட்டபோது வெதுவெதுப்புத்தான். இரண்டு சுற்றுகளை விலக்கி விரலை உள்ளே நுழைத்தபோதுதான் உறை மெழுகுபோல் இளகியிருப்பது தெரிந்தது. பொத்தான் மட்டும் வேலை செய்யாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என் மனைவி இன்றுவரை நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறாள்.

சுருளாக இருப்பதால் காந்தப்புலம் உண்டாகிச் சூடேறுகிறது என்று முகாம்களில் பலர் விளக்கம் சொல்வார்கள். அது சரியன்று. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒரே உறைக்குள் ஓடுவதால் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று நீக்கிவிடும். உண்மைக் காரணம் எளிமையானது. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் போக வர 50 மீட்டருக்கு மின்தடை ஏறக்குறைய 0.67 ஓம், 10 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 67 வாட் வெப்பமாகிறது. தரையில் நீட்டிக் கிடக்கும் கேபிளில் இந்த வெப்பம் காற்றில் கரைந்துவிடும். ரீலில் கிடக்கும் பகுதியிலோ, பழைய குண்டு பல்பு ஒன்றைப் போர்வைக்குள் எரியவிட்டதுபோல் உள்ளேயே தங்கிவிடும்.

இரண்டாவதாக வாங்கியது வட்டமான கித்தான் பை. ரீலின் விலையில் கால் பங்குகூட இல்லை. அடிப்பக்கம் வலை, மேலே ஜிப், உள்ளே மூன்று வெல்க்ரோ பட்டைகள், அவ்வளவுதான். கேபிளையும் மாற்றி, 2.5 சதுர மில்லிமீட்டர் ரப்பர் உறைக் கேபிள் வாங்கினேன். இதே 10 ஆம்பியருக்கு முன்பு ஆறரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்த இடத்தில் இப்போது 4 வோல்ட்தான் குறைகிறது. அதைவிடப் பெரிய நன்மை, பி.வி.சி போல் குளிரில் விறைத்துக் குச்சியாக நிற்காமல் ரப்பர் வளைந்துகொடுப்பது.

ஆனால் பை தானாகச் சுருட்டித் தராது. சுருட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர், எங்கள் கோயிலில் தைப்பூசக் காவடிக்கு ஒலிபெருக்கி அமைக்கும் அண்ணன். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையில் நான் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "வயரை முறுக்காதே தம்பி, அதன் போக்கில் விடு" என்று வாங்கிக்கொண்டார். முதல் வளையத்தை வழக்கம்போல் மேலாக வைத்தார். அடுத்ததற்கு மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி, கேபிள் வளையத்துக்கு அடியில் போகுமாறு வைத்தார். மூன்றாவது மீண்டும் மேல். ஒரு வளையத்தில் ஏறும் முறுக்கை அடுத்தது கழித்துவிடுவதால், ஒரு முனையைப் பிடித்து வீசினால் 25 மீட்டரும் சிக்கலின்றி நேராக ஓடுகிறது. முனை மட்டும் வளையங்களின் நடுவே நுழைந்துவிடக் கூடாது. நுழைந்தால் வரிசையாக முடிச்சு விழும். என் மகன் இரண்டு முறை அப்படிச் செய்து, அவிழ்ப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

பையிலும் குறைகள் உண்டு. வெல்க்ரோவில் புல்லும் கடற்கரை மணலும் ஒட்டி ஓராண்டுக்குள் பிடிமானம் தளர்ந்தது. ஈரக் கேபிளை வைத்து ஜிப்பை மூடினால், அடியில் வலை இருந்தும் மறுநாள் பூஞ்சை வாசனை வருகிறது. கடலோர முகாம்களில் பிளக்கின் பித்தளை முள்களில் பச்சை படிந்ததையும் பார்த்தேன். மூடுவதற்கு முன் பழந்துணியால் துடைப்பது தவிர்க்க முடியாத வேலை. ரீலில் இந்தத் தொல்லை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை இப்போது வீட்டில் புல்வெட்டும் இயந்திரத்துக்கு, முழுவதும் அவிழ்த்துப் பயன்படுத்துகிறோம்.

பையை வாங்குவோர் சுருட்டும் திசையையும் கவனிக்க வேண்டும். கிளம்பும்போது முதலில் கழற்ற வேண்டியது மின்பெட்டிப் பக்கத்து பிளக்கையே. அங்கிருந்து சுருட்டத் தொடங்கிக் கேரவனை நோக்கி நடந்தால், கேரவனில் மாட்டும் முனை கடைசியாகப் பையின் மேலே வந்து அமரும். அடுத்த முகாமில் முதலில் மாட்ட வேண்டியதும் அந்த முனையைத்தான்.