பழைய பேட்டரி, எரிந்துபோன டியூப்லைட், வடித்த ஆயில்: எதை யாரிடம் கொடுப்பது?

முப்பது பேர் வேலை பார்க்கும் எங்கள் கோயம்புத்தூர் அலுவலகத்தில், மாடிப்படிக்குக் கீழே உள்ள இடுக்கைச் சென்ற ஆண்டு காலி செய்ய வேண்டியிருந்தது. முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்த நான்கு யூபிஎஸ் பேட்டரிகள், சணலால் கட்டிய இரண்டு கட்டு டியூப்லைட், பிஸ்கட் டின் ஒன்றில் உப்பிப்போன லேப்டாப் பேட்டரிகள், ஜெனரேட்டரிலிருந்து வடித்த ஆயில் ஒரு கேன் ஆகியவை அங்கே கிடந்தன. இவற்றைக் கொடுக்க எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன: தெருமுனைக் காயலான் கடை, புதிய பேட்டரி தரும் டீலர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தள்ளிவிடலாம் என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம்.

யூபிஎஸ் பேட்டரிக்குக் காயலான் கடையில் நல்ல காசு கிடைக்கிறது என்பதை மறுக்க முடியாது. பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம் என்பதால், கையில் ரொக்கத்தை எண்ணி வைத்துவிட்டு அவர்களே தூக்கிச் சென்றுவிடுவார்கள். சிக்கல் தராசில் தொடங்குகிறது. ஆசிட்டின் எடைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வாங்குபவருக்கு மனம் வராது. ஆகவே பேட்டரியைச் சாய்த்து ஆசிட்டை ஊற்றிவிட்ட பிறகே அவர் எடைபோட விரும்புவார். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வாசலிலேயே அப்படி ஊற்றியபோது, சிமெண்ட் தரை நுரைத்துப் பொங்கிய தடம் இன்றும் சொரசொரப்பாக இருக்கிறது. அந்த ஆசிட்டில் கந்தக அமிலத்தோடு ஈயமும் கலந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பேட்டரி முறையான உலைக்குப் போனதா, ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் கோடரியால் பிளக்கப்பட்டுத் திறந்த அடுப்பில் உருக்கப்பட்டதா என்பதைக் கொடுத்தவரால் அறிய முடியாது. ஈயம் 327 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடுவதால் அந்த வேலைக்குப் பெரிய உலை தேவைப்படுவதில்லை. அதன் புகையும் தூசும் படிந்த மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

பதிவு பெற்ற நிறுவனத்தில் மூடிய இயந்திரம் பேட்டரியை நொறுக்குகிறது. தண்ணீரில் ஈயம் அடியில் தங்க, பிளாஸ்டிக் மிதக்க, இரண்டும் பிரிக்கப்படுகின்றன. ஆசிட் தனியே வடிக்கப்பட்டு நடுநிலையாக்கப்படுகிறது. தொழில்நுட்பத்தில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் நான்கு பேட்டரிக்காக வண்டி அனுப்ப இயலாது என்று நாங்கள் தொலைபேசியில் கேட்ட இடங்களில் நேராகவே சொல்லிவிட்டார்கள். எனவே பேட்டரியைப் பொறுத்தவரை சிறிய அலுவலகத்துக்கு டீலரே சரி என்பது என் முடிவு. விற்பதற்கு ஈடாகப் பழையதைத் திரும்பப் பெறும் கடமையை 2001-ஆம் ஆண்டு விதிகளே டீலர்கள்மீது வைத்திருந்தன. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியம் உட்பட எல்லா வகைப் பேட்டரிகளையும் சேர்த்து, பொறுப்பைத் தயாரிப்பாளர்வரை நீட்டின. டீலர் தரும் கழிவு விலை காயலான் கடையைவிடக் குறைவாக இருக்கலாம். ஆசிட்டை வடிக்காமல் நிமிர்த்தியபடியே எடுத்துச் செல்ல வேண்டும் என்றும், பில்லில் பழைய பேட்டரிகளின் வரிசை எண்ணைக் குறிக்க வேண்டும் என்றும் நாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் அந்த டீலரே அதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடவும் கூடும்.

டியூப்லைட்டில் கதை தலைகீழாகிறது. அதற்கு யாரும் காசு தருவதில்லை. காயலான் கடைக்காரருக்கு வேண்டியது இரு முனைகளிலும் உள்ள அலுமினிய மூடி மட்டும்; அதற்காக அவர் குழாயை உடைப்பார். உள்ளே இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான் என்றாலும், அது ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும். விளக்குக் கடைக்காரரோ கையை விரித்துவிடுவார். இங்கே மின்னணுக் கழிவுக்கெனப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் ஒன்றே வழி. பழைய கணினிகளை மட்டும் கேட்டவர்கள், டியூப்லைட்டுகளையும் சேர்த்து எடுத்தால்தான் கொடுப்போம் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்ததும் சம்மதித்தார்கள். வாங்கி வந்த அட்டைப் பெட்டியிலேயே பழைய குழாயை நிறுத்தி வைத்தால் உடையாது. தப்பித் தவறி ஒன்று உடைந்தால், ஏசியை நிறுத்தி, சன்னலைத் திறந்து, கால்மணி நேரம் அறையைவிட்டு வெளியேறிய பிறகு, தடித்த அட்டையால் சில்லுகளை அள்ளி ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் பாதரசத்தைப் பரப்பத்தான் உதவும்.

ஆயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெனரேட்டரைச் சர்வீஸ் செய்ய வருபவர் கேனைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வார். அதில் பெரும்பகுதி சென்ட்ரிங் பலகையில் பூசவோ அடுப்பெரிக்கவோ போய்விடுகிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெய் தனி இனமாகவே இடம்பெறுகிறது. மறுசுத்திகரிப்புக்கு அனுமதி பெற்றவரிடம் அதைச் சேர்க்கும் சர்வீஸ் நிறுவனத்தையே ஆண்டு ஒப்பந்தத்தில் தேர்ந்தெடுப்பது எளிது.

உப்பிய லேப்டாப் பேட்டரிக்குக் காயலான் கடை, குப்பைத் தொட்டி இரண்டுமே ஆகாது. குப்பை லாரியில் நசுங்கினால் அது தீப்பிடிக்கும். அதைத் தகர டின்னில் போட்டு வைத்திருந்தது எங்கள் மடமை, ஏனெனில் முனைகள் தகரத்தில் பட்டால் அங்கேயே ஷார்ட் ஆகும். ஒவ்வொன்றின் முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய மண் சட்டியில் வைத்து, கணினிகளை ஏற்ற வந்த அதே வண்டியில் தனியாக ஒப்படைத்தோம். சட்டியைப் பார்த்து வண்டிக்காரர் சிரித்தார். ஆனால் காலுக்கருகே வைக்க மறுத்து, பின்னால் கொண்டுபோய் வைத்தார்.