பெரிய மடக்குக்கத்தி: உப்புக்காற்றுக்கும் செம்மண்ணுக்கும் எது தாக்குப்பிடிக்கும்?

கடையில் வில்லுக்கத்தி, அதாவது மடக்குக்கத்தி, கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுகிற நாலைந்தும் பெரும்பாலும் ஒரே அச்சு. கறுப்புப் பூச்சு அலகு, 4 மில்லிமீற்றர் தடிப்பு, பாதிவரை பல்லு, பிடியின் அடியில் கண்ணாடி உடைக்கிற ஆணி. பார்க்க நல்ல எடுப்பு. மாங்காயில் வைத்தால் வெட்டாது, பிளக்கும். முதுகு தடித்ததால் மட்டும் வருகிற வினை இல்லை இது. வாய்க்கு, அதாவது வெட்டுகிற விளிம்புக்கு, உடனே பின்னாலுள்ள இடமும் தடித்திருப்பதுதான் காரணம். எவ்வளவு தீட்டினாலும் கறுத்தக்கொழும்பான் மாங்காயின் தோலுக்குள் ஆப்பு இறங்குவதுபோலத்தான் அது இறங்கும். தினமும் பையில் போகிற கத்திக்கு முதுகு 2 முதல் 3 மில்லிமீற்றர் போதும், வாய்க்குப் பின்னால் அரை மில்லிமீற்றர் அளவு. கடையில் அளவுகோல் தேவையில்லை. வாயை உங்கள் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். தீட்டிய பட்டை அகலமாக, தூரத்திலிருந்தே மினுங்கினால் அது தடித்த கத்தி.

நீளத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்து வேலைக்கு 9 முதல் 10 சென்ரிமீற்றர் அலகு சரி. ஒரு இறாத்தல் பாணை நசுக்காமல் ஒரே இழுவையில் வெட்ட 10 வேண்டும். பப்பாசிப்பழத்தைப் பாதியாக்கவும், வாழைக்குலையிலிருந்து சீப்பு எடுக்கவும், பசளைப் பை வாய் திறக்கவும் 9 போதும். 12க்கு மேல் போனால் அது மடித்தாலும் சேட்டுப் பொக்கற்றில் நிற்காது. நுங்கு, இளநீர், கருக்குமட்டை எல்லாம் எந்த மடக்குக்கத்திக்கும் உரியதல்ல. ஓங்கி வெட்டும்போது அடி முழுவதும் ஒரு சின்ன அச்சாணியில் போய் விழுகிறது. இரண்டு இளநீருக்கு அலகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும், ஐந்தாவதில் பூட்டு தளரும். அதற்குக் கம்மாலையில் அடித்த கத்தி இருக்கிறது.

பெரிய மடக்குக்கத்தியில் பணம் கொடுக்க வேண்டியது பூட்டுக்குத்தான். இங்கே கத்தியைக் கெடுக்கிறவை இரண்டு: வலிகாமத்துச் செம்மண், கரையோரத்து உப்பு. இரண்டும் முதலில் போய் உட்காருவது பூட்டுக்குள்.

மலிவான கத்திகளில் அதிகம் வருவது தகட்டுப்பூட்டு. பிடிக்குள் இருக்கிற மெல்லிய தகடு வில்போலப் பக்கவாட்டில் சரிந்து அலகின் அடியைத் தாங்கும். அது அலகின் அடியில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்று பாருங்கள். அடியின் அகலத்தில் கால்வாசியிலிருந்து அரைவாசிக்குள் நின்றால் நல்லது. விளிம்பில் மட்டும் தொட்டு நின்றால் வழுக்கும். மறுபக்கம் வரை ஓடிப்போய் நின்றால் புதிதிலேயே தேய்ந்த பூட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். வெங்காயத் தோட்டத்தில் கீழே வைத்து எடுத்த கத்தியில் ஒரு மணல் அந்த இடைவெளிக்குள் போனாலே தகடு முழுதாக ஏறாது. திறந்ததுபோலத் தெரியும், அழுத்தும்போது விரல்மேல் மடியும்.

பிடியின் முதுகிலுள்ள கட்டையின் பல்லு அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்து பூட்டுவது முதுகுப்பூட்டு. அது இதைவிடப் பலம். ஆனால் பல்லு விழுகிற பள்ளத்தில் அழுக்குச் சேர்ந்தால் அரைகுறையாகத்தான் பூட்டும். திறக்கும்போது வருகிற ‘டிக்’ சத்தம் மங்கினால் அதுதான் அறிகுறி. மண்ணெண்ணெயில் நனைத்த பல்துலக்கியால் பள்ளத்தைத் தேய்த்து, காயவிட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டால் சத்தம் திரும்பி வரும்.

கடையிலேயே பூட்டைச் சோதிக்கலாம். அலகைத் திறந்து, விரல்கள் எதுவும் வாய் மடிகிற பாதையில் இல்லாதபடி பிடியை இரு பக்கமும் பிடித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து மெல்ல மெல்ல அழுத்துங்கள். அசையக் கூடாது. பிறகு முனையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் அச்சு ஸ்குறூவை எட்டில் ஒரு சுற்று இறுக்கினால் போய்விடும். மேலும் கீழுமான ஆட்டம் பூட்டின் ஆட்டம். ஸ்குறூவால் அது தீராது, அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுங்கள்.

இனிக் கத்திகள். யாழ்ப்பாணத்தில் நல்ல மடக்குக்கத்தி வைத்திருக்கிற வீடுகளில் அது அநேகமாக பிரான்ஸ் அல்லது சுவிஸ் உறவுக்காரரின் பெட்டியில் வந்ததாகத்தான் இருக்கும். அதனால் அந்த இரண்டையும் முதலில் பார்ப்போம்.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்படும் ஒபினெல், விலைக்கு வெட்டு என்று பார்த்தால் இந்த வரிசையில் முதலாவது. இலக்கம் 9இன் அலகு 9 சென்ரிமீற்றர், 10இன் அலகு 10. மெல்லிய அலகு, பீச் மரப் பிடி, கழுத்தில் சுழல்கிற ஒரு வளையம். 1955இல் வந்த அந்த வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். 2000க்குப் பின் வந்தவற்றில் மடித்த நிலையிலும் பூட்டலாம், பைக்குள் தானாகத் திறக்காது. மண் போனாலும் வளையத்தைத் துடைத்துவிட்டால் முடிந்தது. எங்கள் மண்ணுக்கு இதைவிட எளிய பூட்டு இல்லை.

வாங்கச் சொல்லி அனுப்பும்போது ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள்: அலகில் ‘இனொக்ஸ்’ (கறள்படாத உருக்கு) என்று பொறித்தது வேண்டும். ‘கார்போன்’ என்று பொறித்தது கூர் எளிதில் ஏறும், ஆனால் கறள்பிடிக்கும் இரும்பு. மாங்காய், தேசிக்காய் வெட்டி ஐந்து நிமிடம் துடைக்காமல் வைத்தால் கருநீலமாக மாறும். அது பிழையில்லை, அந்த நிறம் ஓரளவு காப்புக்கூட. குருநகரிலோ பருத்தித்துறையிலோ ஓர் இரவு ஈரத்தோடு கிடந்தால் காலையில் வருவது செங்கறள், அதுதான் பிழை.

ஒபினெலின் குறை மரம். மாரியில் பிடி ஊதி அலகை இறுக்கிக்கொள்ளும், நகம் கிழிந்தாலும் வெளியே வராது. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிக்குதியை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள், அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நிரந்தர வழி வேறு. வெயில் காலத்தில் பிடியை நிழலில் நன்றாகக் காயவிட்டு, ஐஸ்பழக் குச்சியில் மணற்கடதாசி சுற்றி அலகு போகிற பிளவின் இரு பக்கத்தையும் பத்துப் பன்னிரண்டு தடவை தேய்த்து, தச்சர்கள் பூசுகிற லின்சீட் எண்ணெயை மெல்லியதாக மூன்று முறை பூசுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு. பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, விரித்துக் காயவிடுங்கள்.

சுவிஸின் விக்ரோறினொக்ஸ் என்றால் எல்லோர் மனதிலும் வருவது 91 மில்லிமீற்றர் சிவப்புக் கத்தி. அதில் பூட்டுக் கிடையாது. கேட்க வேண்டியது 111 மில்லிமீற்றர் வகை. மடித்த நீளம்தான் அது, அலகு எட்டரை சென்ரிமீற்றர் அளவு. பெரும்பாலானவற்றில் பெரிய அலகுக்குப் பூட்டு உண்டு, பலவற்றில் கூடவே மரவாளும். வாள் ஈரமான வேப்பங்கொப்பையும் சிக்காமல் அறுக்கும். உருக்கு சற்று மென்மை, றொக்வெல் என்கிற கடின அளவையில் 56 அளவு. அதனால் கூர் சீக்கிரம் மழுங்கும், அதே வேகத்தில் திரும்பவும் ஏறும். உப்புக்கு நன்றாகத் தாங்கும். எல்லாம் ஆணி அடித்துப் பொருத்தியது என்பதால் கழற்ற முடியாது. மணல் போனால் சுடுதண்ணீரில் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே திறந்து மூட வேண்டும். பார்வைக்கு அச்சொட்டான போலிகள் உண்டு. உண்மையானதில் அலகின் அடியில் எழுத்துத் தெளிவாகப் பொறித்திருக்கும், போலியில் அது மங்கலாகவோ வெறும் அச்சாகவோ இருக்கும்.

அமெரிக்காவின் பக் 110, 1964இல் வந்தது. முதுகுப்பூட்டுக்கு உலகத்துக்கே மாதிரியான கத்தி, அலகு ஒன்பதரை சென்ரிமீற்றர். கனம் 200 கிராம்! சாரத்தோடு திரிகிறவர் இதை மடியில் செருகினால் கத்தியும் விழும், சாரமும் விழும். தோலுறையில் பெல்ற்றோடு போக வேண்டிய சாமான். பித்தளை முனைகள் உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும், அந்தத் தோலுறைக்குள்ளேயே வைத்தால் இன்னும் வேகமாக.

சீனத்துக் கான்சோவைப் போன்ற கத்திகள் இணையத்தில் வருகின்றன, காசுக்கு மோசமில்லை. குறுக்குக்கட்டைப் பூட்டுள்ளதை எடுங்கள், பிடிக்குக் குறுக்கே ஒரு சின்னக் கட்டை நகர்ந்து வந்து அலகின் அடியைத் தாங்குகிற பூட்டு அது. இரண்டு பக்கமும் மெல்லிய வில் ஒவ்வொன்று இருக்கும், ஒன்று முறிந்தாலும் மற்றது ஓரளவு தாங்கும். நட்சத்திரத் தலை ஸ்குறூதான் என்பதால் முழுதாகக் கழற்றிக் கழுவலாம், அதற்கு 6, 8 இலக்க முனைகள் தேவை. உருக்கு டி2 என்கிற வகை என்றால் கூர் நீண்ட நாள் நிற்கும். விளம்பரத்தில் என்ன எழுதினாலும் அது கறள்படாத உருக்கு அல்ல. குரோமியம் 12 வீதம் அளவு இருந்தாலும் அதில் ஒரு பங்கு காபனோடு கட்டுண்டு போய்விடுகிறது. பசளைப் பை வெட்டிவிட்டுத் துடைக்காமல் மடித்தால் இரண்டு நாளில் புள்ளி விழும்.

கடலுக்குப் போகிறவருக்கு வேறு கதை. காபனைக் குறைத்து நைதரசன் சேர்த்த எச்2 போன்ற உருக்கில் அமெரிக்க நிறுவனமான ஸ்பைடர்கோ செய்கிற ‘சோல்ட்’ வகை, கடல்தண்ணீரில் கிடந்தாலும் கறள் ஏறாது. நைலோன் கயிறு, வலை நூல் வெட்ட இதில் பல்லு வாயே நல்லது, மட்ட வாய் ஈரக் கயிற்றில் வழுக்கும். விலைதான் கடி. அந்தக் காசுக்கு நாலைந்து ஒபினெல் வாங்கி, ஒவ்வொன்றாகக் கடலில் தொலைக்கலாம்.

எதை வாங்கினாலும் பராமரிப்பு ஒன்றுதான். பலாப்பழம் வெட்டுமுன் அலகில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். மறந்து பால் பிடித்துவிட்டால் சவர்க்காரம் எடுக்க வேண்டாம், முதலில் எண்ணெய் தடவித் துணியால் உருட்டி எடுத்து, பிறகுதான் சவர்க்காரம். கத்தியைத் தீட்டும்போது கோணம் பிடிக்க ஒரு கணக்கு: அலகு 2 சென்ரிமீற்றர் அகலம் என்றால் முதுகைக் கல்லிலிருந்து 7 மில்லிமீற்றர் தூக்கினால் 20 பாகை. கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியிலுள்ள மெருகில்லாத வளையத்தில் பக்கத்துக்குப் பத்து இழுவை. சீமெந்துப் பை வெட்டுகிறவர்கள் இதை வாரம் ஒரு தடவையாவது செய்ய வேண்டிவரும்.

பொத்தானை அழுத்தினால் வில் தள்ளித் திறக்கிற கத்தியை வாங்காதீர்கள், வேலைக்கு அது எந்த உதவியும் இல்லை. மற்றதையும் வேலைக்குப் போகும்போது வேலைப் பையில் வையுங்கள். இரவில் இடுப்பில் கூர்முனைக் கத்தியோடு பொலிஸ் சோதனையில் நின்று ‘மாங்காய் வெட்ட’ என்றால் எடுபடாது. திருவிழா, நீதிமன்றம், அரச அலுவலகம் என்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர் அதைக் கைப்பையில் அல்ல, விமானத்தில் ஏற்றிவிடுகிற பெரிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். லண்டனுக்குப் போகிறவர்கள் இங்கேயே வைத்துவிட்டுப் போவது நல்லது: தகுந்த காரணம் இல்லாமல் அங்கே வெளியில் கொண்டுபோகக்கூடியது பூட்டில்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத வாயுள்ள மடக்குக்கத்தி மட்டும்தான், அந்த 91 மில்லிமீற்றர் சிவப்புக் கத்தியைத் தவிர இங்கே சொன்ன ஒன்றுமே அதற்குள் அடங்காது.