ஷெட் ஷட்டருக்கு எந்த சென்சார்: வைஃபையா, ஜிக்பீயா?

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் கார் நிற்கும். மாம்பழ சீசன் வந்தால் கார் தெருவுக்குப் போய்விடும், கிரேட்டுகள் உள்ளே வந்துவிடும். ராத்திரி யாராவது ஷட்டரைத் தூக்கினால் போன் அலற வேண்டும். தேவை அவ்வளவுதான். அதற்காக வைஃபை சென்சார், ஜிக்பீ (குறைந்த பேட்டரியில் ஓடும் இன்னொரு வயர்லெஸ் முறை) சென்சார் என இரண்டு வகையும் மாட்டிப் பார்த்துவிட்டேன்.

சாய்வை உணரும் டில்ட் சென்சார் இந்தக் கணக்கிலேயே வராது. ஒரே பலகையாகச் சாய்ந்து மேலேறும் கதவுக்கானது அது. ரோலிங் ஷட்டரின் அடிப்பட்டை கடைசிவரை நிமிர்ந்தேதான் ஏறும். காந்த வகைதான் நமக்கு: பட்டையில் காந்தம், பக்கத்துச் சுவரில் சென்சார்; காந்தம் விலகினால் ஷட்டர் திறந்ததாக சென்சார் எடுத்துக்கொள்ளும்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜிக்பீக்குத் தனியாக ஒரு ஹப் (சென்சாரின் செய்தியை வாங்கி ரௌட்டருக்குக் கொடுக்கும் பெட்டி) வாங்க வேண்டும், அந்தச் செலவு மட்டும் கூடுதல். வைஃபை வகை நேராக ரௌட்டரோடு பேசிவிடும். அந்த வசதிக்குத்தான் முதலில் மயங்கினேன்.

என்னைச் சிக்கலில் விட்டது பேட்டரிதான். வைஃபை சென்சார் சும்மா இருக்கும்போது தூங்கும். ஷட்டர் அசைந்தால் எழுந்து, ரௌட்டரைத் தேடி இணைந்து, செய்தி அனுப்பிவிட்டு மறுபடி படுக்கும். இதற்குச் சில வினாடி பிடிக்கும், அத்தனை நேரமும் செல் கரையும். ஜிக்பீ ஒரு சின்னச் செய்தியைக் கண்ணிமைப்பதற்குள் தள்ளிவிடும். நாளைக்கு இரண்டு தடவை திறக்கிற ஷெட் என்றால் இது தெரியாது. சீசனில் எங்கள் ஷட்டர் நாளைக்கு 30 தடவை ஏறி இறங்கும். போன வருஷம் ஏப்ரலில் வைஃபை சென்சாரில் போட்ட இரண்டு ட்ரிபிள் ஏ செல்லும் ஜூன் பாதியில் செத்தன. ஆப்பில் மட்டும் 40 சதவீதம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. அம்மா போன் செய்துதான் எனக்கே தெரிந்தது: "ஏம்ப்பா, ஷட்டரு பாதி தூக்கிக் கெடக்குதே, உனக்கு போன்ல ஒண்ணும் வரலையா?"

அதே ஜூனில் மாட்டிய ஜிக்பீ சென்சாரில் ஒரே ஒரு சிஆர் 2032 பட்டன் செல். இந்த சீசனும் முடியப்போகிறது, இன்னும் மாற்றவில்லை. இரண்டாவது வருஷமும் தாங்குமா என்பதை அடுத்த வருஷம்தான் சொல்ல முடியும்.

எதை வாங்கினாலும் இரும்பில் நேராக ஒட்டாதீர்கள். இரும்பு காந்தத்தின் வீச்சைக் குடித்துவிடும்; ஷட்டர் மூடியிருந்தாலும் திறந்திருப்பதாகவே காட்டும். எங்கள் ஷட்டர்காரர் பார்த்ததுமே, "அண்ணா, நடுவுல ஒரு பிளைவுட் துண்டு வைங்க" என்றார். வைத்ததும் சரியாகிவிட்டது. டேப்பையும் நம்பாமல் ஸ்க்ரூ போடுங்கள்; வெயிலில் சூடேறிய தகட்டில் எனக்கு இரண்டு தடவை கழன்று விழுந்தது.

கரண்ட் போனால் இரண்டும் ஒன்றுதான். ரௌட்டருக்கும் ஹப்புக்கும் சின்ன யூபிஎஸ் இல்லாவிட்டால், சென்சார் விழித்திருந்தும் செய்தி போன் வரைக்கும் வராது.

பழைய வைஃபை சென்சாரைத் தூக்கிப் போடவில்லை. மொட்டைமாடிக் கதவில் இருக்கிறது. வடகம் காயவைக்கத்தான் அந்தக் கதவைத் திறப்போம், அங்கே செல் நன்றாகவே தாங்குகிறது.