வைர ஏ.டி.ஆர். பொருத்திய மேசை எஃப்.டி.ஐ.ஆர்.: திருகோணமலை ஈரக்காற்றில் ஒரு மதிப்பீடு

குறும் பெப்ரைட்டுகளின் (அமினோ அமில அலகுகள் கோத்த சிறு சங்கிலிகளின்) வடிவத்தை அறிவதற்காகத் திருகோணமலையில் நாங்கள் பயன்படுத்தி வருவது, வைரப் படிகத்துடன் கூடிய ஏ.டி.ஆர். இணைப்பைக் (படிகத்தின் மேல் தொட்டிருக்கும் மாதிரி ஒளியை உறிஞ்சுவதை அளக்கும் பகுதியைக்) கொண்ட சிறிய செந்நிறக்கீழ் நிறமாலைமானியாகும் (எஃப்.டி.ஐ.ஆர்.). ஒரு துளிக் கரைசலை வைரத்தின் மேல் இட்டு உலரவிட்டால் போதும். பழைய முறைபோல் மாதிரியைப் பொற்றாசியம் புரோமைட்டுடன் அரைத்து வில்லையாக அழுத்தும் வேலை இல்லை. மாரி காலத்தில் ஈரத்தை உறிஞ்சும் அந்தத் தூளுடன் போராடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நாங்கள் பார்ப்பது 1600 முதல் 1700 செ.மீ⁻¹ வரையான அலையெண்களில் தோன்றும் முதலாம் அமைட் உறிஞ்சல் பட்டையை. பெப்ரைட்டுப் பிணைப்பிலுள்ள காபனைல் கூட்டத்தின் நீட்சி அதிர்வே பெரும்பாலும் இதை உருவாக்குவதால், ஐதரசன் பிணைப்பு மாறும்போது பட்டையும் நகர்கிறது. ஒன்றோடொன்று ஒட்டித் தகடாக அடுக்கும் பெப்ரைட்டுகள் 1620–1640 பகுதியில் கூரிய உச்சியைத் தருகின்றன. அடுத்தடுத்த சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் ஓடும் எதிர்ச்சமாந்தரத் தகடாயின் 1690 அருகே சிறியதொரு துணையுச்சியும் எழும். இதைக் காட்டுவதில் கருவி மிகச் சிறப்பானது.

தொல்லை நீராவியால் வருகிறது. அதன் கூரிய கோடுகள் இதே பகுதியில் விழுவதால், மூடியைத் திறந்து மாதிரி வைத்த சற்று நேரத்திலேயே வளைவு மரம் அறுக்கும் வாளின் பற்களைப் போலாகிவிடுகிறது. ஈரத்தை உறிஞ்ச வைக்கும் நீல நிறச் சிலிக்கா ஜெல் இங்கே விரைவில் நிறைந்து இளஞ்சிவப்பாகிவிடும். எனவே நீராவியை வெளியேற்ற உலர் நைதரசன் செலுத்தும் குழாய் இணைப்பு இன்றியமையாதது. அதை விற்பனையாளர் தனி விலைக்குத் தந்தது எனக்கு உவப்பானதல்ல. கரைசலாகவே அளப்பதாயின் நீரின் 1645 பட்டை எல்லாவற்றையும் மறைக்கும் என்பதால் பார நீர் (ஐதரசனுக்குப் பதிலாக அதன் பாரமான வகையான டியூற்றீரியம் கொண்ட நீர்) வாங்க வேண்டும். அப்போது அமைட் பட்டை சில அலையெண்கள் கீழிறங்குவதையும் கணக்கிலெடுக்க வேண்டும்.

வாங்கிய பெப்ரைட்டில் தயாரிப்பின்போது சேர்ந்து தங்கியிருக்கும் முப்புளோரோ அசற்றிக்கமிலம் 1673 அருகே உறிஞ்சி, இல்லாத வடிவத்தை இருப்பதாகக் காட்டும். ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தில் கரைத்து மீண்டும் உறைநிலையில் உலர்த்தினால் அது பெரும்பாலும் நீங்கிவிடும்.

இணைந்து வரும் மென்பொருளே கருவியின் பலவீனம். பெரிய புரதங்களை அடிப்படையாகக் கொண்ட அதன் கணிப்பு, அலனீன் என்னும் அமினோ அமிலத்தின் மூன்று அலகுகள் மட்டுமே கொண்ட பெப்ரைட்டுக்கும் அல்பா சுருள் (புரதச் சங்கிலி சுருளும் ஒரு வடிவம்) இத்தனை வீதம் என்கிறது. அந்தச் சுருளின் ஒரு சுற்றுக்கே 3.6 அலகுகள் தேவை! அத்தகைய பெப்ரைட்டுகள் நீரில் பெரும்பாலும் பொலிபுரோலீன் இரண்டாம் வகை என்னும் நீண்டு விரிந்த வடிவத்தையே விரும்புவன. அதை உறுதிப்படுத்த இராமன் (ஒளிச்சிதறல்) அல்லது அதிர்வு வட்ட இருநிறத்தன்மை (இடம், வலம் சுழலும் ஒளியை உறிஞ்சுவதிலுள்ள வேறுபாடு) அளவீட்டை வேறிடத்தில் செய்விக்க வேண்டியிருக்கும். தகடாகத் திரள்வதை ஆராய்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம், ஆனால் நைதரசன் இணைப்பின் விலையையும் முதலிலேயே சேர்த்துக் கேளுங்கள்.