தொட்டுப் பார்க்க இரண்டு தகடுகள்: சிறுவர் செய்முறைப் பெட்டி ஒன்றின் மதிப்புரை

வெப்ப ஆற்றலையும் ஒளி ஆற்றலையும் சிறு பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் செய்முறைப் பெட்டி ஒன்றை திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளும் எதிர்வீட்டுச் சிறுவனும் கோடை விடுமுறை முழுவதும் அதைக் கொண்டு சோதனைகள் செய்தார்கள். இதைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் உடன் வரும் கையேட்டைப் பெரியவர் ஒருவர் முதலில் படித்துத் திருத்தி வைத்துக்கொள்வது அவசியம்.

பெட்டியில் உள்ளவற்றுள் மிகச் சிறந்தவை, உள்ளங்கை அளவிலான இரண்டு தகடுகள்: ஒன்று அலுமினியம், மற்றொன்று மரம். காலையில் வீட்டுக்குள் இரண்டையும் தொட்ட பிள்ளைகள் அலுமினியம்தான் குளிர்ச்சி என்று அடித்துச் சொன்னார்கள். வெப்பமானியோ இரண்டுக்கும் ஒரே அளவைக் காட்டியது. “எப்பா, இது கெட்டுப்போச்சு” என்றாள் மகள். அதே தகடுகளை உச்சிவெயிலில் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வைத்து எடுத்தபோது அலுமினியம் கையைச் சுட்டது. மரம் பொறுக்கும்படி இருந்தது. காலையில் கையின் வெப்பத்தை விரைந்து வாங்கிக்கொண்ட அலுமினியம், நண்பகலில் தன் வெப்பத்தை அதே விரைவில் கைக்குக் கொடுக்கிறது என்பதையும், தொடும்போது நாம் உணர்வது பெரும்பாலும் வெப்பம் பாயும் வேகத்தையே என்பதையும் அதன்பின் விளக்குவது எளிதாக இருந்தது. நெல்லைச் சீமையின் வெயில் இந்தச் சோதனைக்குப் பெரிய துணை.

கருப்பு, வெள்ளை டப்பாக்களில் சம அளவு நீர் ஊற்றி வெயிலில் வைக்கும் சோதனையும் நன்று. ஆனால் “கருப்பு நிறம் வெப்பத்தை இழுக்கும்” என்று கையேடு எழுதியிருப்பது தவறான எண்ணத்தை விதைக்கிறது. கருப்புப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை உட்கவர்ந்து வெப்பமாக மாற்றுகிறது. ஓர் ஆற்றல் இன்னொன்றாக மாறுவதைப் பிள்ளைகள் கண்ணெதிரே காணும் இடம் இது. அதைக் கையேடு வெப்பப் பகுதியில் அடைத்துவிட்டு, ஒளியைத் தனி அத்தியாயமாக்கி, இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லாமலே விட்டுவிட்டது. மெழுகுவர்த்திக்கு மேல் சுழலும் காகிதச் சுருளுக்கும் “வெப்பம் மேலே ஏறும்” என்றே விளக்கம் தருகிறது. மேலே ஏறுவது சூடேறி அடர்த்தி குறைந்த காற்று.

முப்பட்டகம் பிளாஸ்டிக் என்றாலும் சுவரில் நிறமாலை தெளிவாக விழுகிறது. சூரிய மின்கல விசிறி நல்ல வெயிலில் சுழல்கிறது, டியூப்லைட்டின் கீழ் அசையவில்லை. ஒளியின் அளவைப் பற்றிப் பேச இதுவே போதும்.

பொறுக்க முடியாத குறை ஒன்று உண்டு. பெட்டியில் உள்ள குவிவில்லையின் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்ற எச்சரிக்கை கையேட்டில் எங்கும் இல்லை. பெரியவர் அருகில் இல்லாதபோது வில்லையை எடுத்து வைத்துவிடுங்கள்.

நெல்லை கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு, அங்கே எழும் கேள்விகளை வீட்டில் தொடர இப்பெட்டி உதவும். வாங்கும்போது வெப்பமானியைக் கடையிலேயே வெளியே எடுத்து, உள்ளிருக்கும் சிவப்புத் திரவம் இடையில் அறுபடாமல் ஒரே கோடாக நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.